அனுமதிக்கு முன் படித்தவர்கள்

காலை ஏழு மணி பத்து நிமிடம். கணவரை பிரின்ஸ்டன் ஜங்ஷன் ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டுத் திரும்பி, காரை வீட்டு முன்னால் நிறுத்தியபோது முதலில் கண்ணில் பட்டது ஒரு பழுப்பு உறை. அதற்குப் பிறகுதான் அதைப் பிடித்திருந்த கைகள். இரண்டு கைகளாலும் உறையை மார்போடு அழுத்திக்கொண்டு எங்கள் வாசற்கதவின் முன் அந்தப் பெரியவர் நின்றிருந்தார். காலில் வீட்டுக்குள் போடும் ரப்பர் செருப்பு. மேலே மருமகனின் குளிர்கோட்டு. தோள்பட்டைத் தையல் பாதிக் கை வரை இறங்கியிருந்தது. முந்தைய நாள் பெய்த பனி நடைபாதையில் இறுகிக் கிடந்தது. நான்கு வீடு தள்ளியிருக்கும் தன் மகள் வீட்டிலிருந்து அந்தச் செருப்போடு நடந்து வந்திருக்கிறார்.

நான் காரை விட்டு இறங்குவதற்குள் பேசத் தொடங்கிவிட்டார்.

"அம்மிணி, நான் ஒரு தப்புப் பண்ணிப்போட்டனுங்க."

அவருக்கு எண்பது வயது தாண்டியிருந்தது. தாராபுரம் பக்கத்துக்காரர். இயற்பியலில் ஆராய்ச்சிப் படிப்புக்காக அமெரிக்காவுக்கு வந்து, குடியுரிமை பெற்று, மேற்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் அணு ஆயுதங்களை வடிவமைக்கும் வேலை பார்த்தவர். பிறகு ராஜினாமா செய்தார். அன்று முதல், தான் செய்த பொருள் உலகில் இருக்கக் கூடாது என்று கல்லூரிகளிலும் தேவாலயக் கூடங்களிலும் பேசி வந்தார். சில ஊர்களில் நூறு பேர் வருவார்கள், சில ஊர்களில் ஆறு பேர். ஆறு பேர் வந்தாலும் அதே உரையை முழுதாகப் படித்துவிட்டுத்தான் இறங்குவார் என்று அவருடைய மனைவி சொல்லியிருக்கிறார். கடைசி நான்கைந்து ஆண்டுகளாகக் கை நடுக்கம். பேனா பிடிக்க முடியாது, விசை தட்ட முடியாது. இருவரும் எங்கள் ஊரான வெஸ்ட் வின்ட்சரில் மகள் வீட்டின் கீழ்த்தளத்துக்குக் குடிவந்திருந்தார்கள்.

நான் மதுரையில் ஒரு நாளிதழில் பதினோரு ஆண்டுகள் துணை ஆசிரியராக இருந்தேன். கணவரின் வேலை விசாவைச் சார்ந்த விசாவில் இங்கே வந்தவள். எனக்கு வேலை பார்க்க அனுமதி இல்லை. க்ரீன் கார்டுக்கான வரிசையில் எங்கள் குடும்பம் பல ஆண்டுகளாக நின்றுகொண்டிருந்தது. நான்கு வயதில் இங்கே வந்த மகளுக்கு அப்போது பத்தொன்பது முடிந்திருந்தது. இருபத்தோரு வயது ஆவதற்குள் கார்டு வந்தால் அவளும் எங்களோடு உள்ளே. வராவிட்டால் அவள் எங்கள் கோப்பிலிருந்து உதிர்ந்துவிடுவாள். வேறு விசா தேட வேண்டும், கிடைக்காவிட்டால் தனக்கு நினைவே இல்லாத ஒரு நாட்டுக்குப் போக வேண்டும். எங்கள் தெருவில் இந்தக் கணக்குத் தெரியாத தமிழ் வீடு இல்லை. பிறந்தநாள் கேக்கில் எத்தனை மெழுகுவர்த்தி என்று பார்த்ததும் பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

பெரியவரிடம் நான் போய்ச் சேர்ந்தது அவருடைய மனைவி மூலமாக. ஐசலினில் ஒரு மளிகைக் கடையில் முருங்கைக்காயை ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவர், என்னை யாரோ அடையாளம் காட்டியதும் காயைக் கூடையில் போட்டுவிட்டு வந்தார். "பேப்பர்ல வேலை பாத்தவங்களாமுங்க. எங்கூட்டுல ஒருத்தரு ஊரெல்லாம் இங்கிலீசுல பேசிப்போட்டு ஊட்டுக்குள்ள அம்பது வருசமா வாயை மூடிக்கிட்டு இருந்தாரு, இப்பத்தான் தன் கதையைத் தமிழ்ல புத்தகமாச் சொல்லோணும்னு தொறந்திருக்கறாரு. வந்து எழுதிக் குடுத்தீங்கன்னா எனக்குக் கொஞ்சம் தூங்க நேரங் கெடைக்கும்" என்றார்.

சம்பளம் கொடுத்தால் சட்டப்படி தப்பு. நான் கேட்கவும் இல்லை. வாரத்தில் மூன்று நாள், காலை பதினொன்று முதல் ஒன்று வரை. பதினான்கு ஆண்டுகளில் ஒரு குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு குறிப்பிட்ட இடத்தில் என்னை எதிர்பார்த்த முதல் ஆள் அவர். அதனால்தான் போனேன்.

கீழ்த்தளத்தில் இரண்டு கட்டில்கள், ஒரு மேசை, துணி உலர்த்தும் இயந்திரம், தண்ணீர் சூடாக்கும் உருளை. சுவரின் உச்சியில் ஒரு முழ அகலத்துக்கு ஒரே ஜன்னல். வெளியே தரைமட்டம் அந்த உயரத்தில்தான் இருந்தது. கோடையில் புல்வெட்டும் வண்டியின் சக்கரம் தெரியும், குளிர்காலத்தில் ஒன்றும் தெரியாது. மேலே பேரப்பிள்ளைகள் நடந்தால் உத்தரம் அதிரும். அவர் தலையைத் தூக்கி, யார் என்று நடையை வைத்துச் சொல்வார். எப்போதும் சரியாக இருக்கும்.

நாங்கள் வேலை பார்த்த முறை இது. அவர் சொல்வார், நான் என் மடிக்கணினியில் அடிப்பேன். ஒரு பக்கம் முடிந்ததும் அதை நான் உரக்க வாசிப்பேன், புள்ளி காற்புள்ளி உட்பட. பத்திரிகையில் மெய்ப்புப் பார்க்கும் அறையில் ஒருவர் மூலத்தை வாசிக்க மற்றவர் அச்சுத் தாளைச் சரிபார்ப்பார். கண் தாண்டிப் போகும் பிழையைக் காது பிடித்துக்கொள்ளும். அதையே அங்கும் வைத்துக்கொண்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். சரியாக இருந்தால் "செரிங்க" என்பார். அந்தச் "செரிங்க" வராமல் அடுத்த பக்கம் கிடையாது. ஒரு பக்கத்தை நான்கு முறை வாசித்திருக்கிறேன்.

அவருடைய தமிழ் அவர் ஊரை விட்டபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. எழுத்தில் தேவையில்லாமல் அடைமொழி வைக்க மாட்டார். எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் பத்திரிகைக்காரிக்கு வேண்டியதை அவர் தர மறுத்தார். இப்படிப்பட்ட வேலையை விட்டவருக்கு ஒரு நாள், ஒரு சம்பவம், ஒரு திருப்பம் இருந்திருக்கும், அதிலிருந்து புத்தகத்தைத் தொடங்கலாம் என்றேன். பல வாரங்கள் நச்சரித்தேன். அப்படி ஒரு நாள் கிடையாது, ஆங்கிலப் பத்திரிகைக்காரர்களும் இதையேதான் கேட்டார்கள் என்றார்.

பிறகு ஒரு வியாழக்கிழமை, கேட்காமலே, பாயசத்தைப் பற்றிச் சொன்னார். ஆய்வுக்கூடத்தில் ஒரு கணக்கு நெடுநாள் இழுத்து, கடைசியில் எதிர்பார்த்ததைவிட அழகாகக் கூடி வந்தால், அன்று மாலை வீட்டுக்கு வந்து மனைவியிடம் பாயசம் வைக்கச் சொல்வார். எதற்கு என்று சொல்ல முடியாது. பிள்ளைகள் சாப்பிடுவார்கள், அவரும் சாப்பிடுவார். இருபது ஆண்டுகளில் நான்கு முறை. வேலையை விட்ட பிறகு ஒரு நாள் அந்த நான்கையும் வரிசையாக நினைத்துப் பார்த்து, ஒவ்வொரு பாயசமும் எந்தக் கணக்குக்கு என்று தனக்குள் சொல்லிக்கொண்டாராம். அதற்குப் பிறகு அவர் பாயசம் சாப்பிடுவதில்லை.

துணி மடித்துக்கொண்டிருந்த அவருடைய மனைவி, "நான் புரோமோசன்னு நெனச்சேன்" என்றார். பிறகு, "நாலாவது தடவை பாலு திரிஞ்சு போச்சு. அதையுந்தான் குடிச்சாரு" என்றார்.

அந்தப் பக்கத்தை ஒரே முறைதான் வாசித்தேன்.

எங்களுக்குள் நடந்த ஒரே சண்டை ஐந்தாவது அத்தியாயத்தில் மூன்று பத்திகளைப் பற்றியது. ஆயுதத்தின் ஒரு பாகம் எப்படி நடந்துகொள்ளும், ஏன் அப்படி நடந்துகொள்ளும் என்று விளக்கும் பத்திகள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாசகர்கள் இந்த இடத்தில் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள், எடுத்துவிடலாம் என்றேன். விபத்து எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது அந்த மூன்று பத்திகளில்தான் இருக்கிறது, அது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் பிரசங்கம் என்றார். நான்கு முறை வாசித்தது அந்தப் பக்கத்தைத்தான். ஒவ்வொரு முறையும் ஒரு சொல்லை மாற்றினார்.

புத்தகம் முக்கால்வாசி முடிந்தபோது, இங்குள்ள தமிழ்ச் சங்கம் ஒன்று பொங்கல் மலருக்கு ஓர் அத்தியாயம் கேட்டது. அச்சுக்குப் போகுமுன், அதுவரை எழுதிய முழுவதற்கும் அனுமதி வாங்க வேண்டும் என்றார். ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த நாளில் போட்ட கையெழுத்துப்படி, அந்தத் துறையைப் பற்றி அவர் எதை எழுதினாலும், சாகும்வரை, முதலில் ஓர் அலுவலகத்துக்கு அனுப்பிச் சரிபார்க்க வேண்டும். அத்தனை ஆண்டுகளாக அவர் படித்த ஒவ்வோர் உரையும் அப்படிப் போய்த் திரும்பியதுதான். அதில் அவர் கறாராக இருந்தார். சரிபார்த்த தாளை விட்டு மேடையில் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேச மாட்டார். கேள்வி நேரத்தில் யாராவது தூண்டினால், அதே தாளில் அதே பத்தியை மறுபடி படிப்பார்.

அலுவலகத்தில் தமிழ் படிக்க ஆள் இல்லை, ஆங்கிலத்தில் கேட்டார்கள். அவர் வாக்கியம் வாக்கியமாக ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல அதையும் நானே அடித்தேன். இரண்டு மாதம் ஆனது. தமிழையும் ஆங்கிலத்தையும் சேர்த்து அனுப்பினோம். மூன்று மாதம் கழித்து வந்த பதில்தான் அந்தப் பழுப்பு உறை.

அவரை உள்ளே அழைத்து உட்கார வைத்தேன். காபி வேண்டாம் என்றார். உறையிலிருந்து தாள்களை எடுக்க முடியவில்லை, நான் எடுத்தேன். ஐந்தாவது அத்தியாயத்தில் மூன்று பத்திகள் கறுப்பாக அடிக்கப்பட்டிருந்தன. நான் எடுக்கச் சொன்ன அதே மூன்று. மற்ற எதையும் தொடவில்லை. பாயசத்தின் பக்கத்தில் ஒரு கோடுகூட இல்லை.

அதோடு இரண்டு பக்கப் படிவம். இந்தக் கைப்பிரதியை அனுமதிக்கு முன் பார்த்தவர்கள், தட்டச்சு செய்தவர்கள், மொழிபெயர்த்தவர்கள் யார்? ஒவ்வொருவரின் முழுப் பெயர், குடியுரிமை. எந்தக் கருவியில் செய்யப்பட்டது, அந்தக் கருவி இப்போது எங்கே இருக்கிறது? பத்து நாட்களுக்குள் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். தவறான தகவல் தருவது குற்றம் என்று கீழே சிறிய எழுத்தில் இருந்தது.

இத்தனை ஆண்டுகள் ஒரு சொல் பிசகாதவர், அமெரிக்கக் குடியுரிமை இல்லாத என்னிடம் அந்தப் பத்திகளை எப்படிச் சொன்னார் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றிய கேள்வி. கேட்டேன். யாரிடம் சொல்லும் முன்பும் அனுமதி வாங்க வேண்டும் என்பது விதி. ஆங்கில உரைகளை மனைவிக்குக்கூடப் படித்துக் காட்டாமல் அனுப்பியவர் அவர்.

"தமிழ்தானுங்களேன்னு இருந்துட்டனுங்க அம்மிணி. தமிழ்ல பேசறதையும் அவியகிட்டச் சொல்லோணும்ங்கற நெனப்பே வருலீங்க."

சத்தியம், கையெழுத்து, காவலாளி, பயம் எல்லாமே அவருக்கு ஆங்கிலத்தில் நடந்தவை. தமிழில் அவர் அந்த ஐம்பது ஆண்டுகளில் பேசியது வீட்டில் உப்பு குறைவு, ஊருக்கு டிக்கெட், பிள்ளைகளின் சளி. தமிழ்ப் பக்கம் அவர் பூட்டே போட்டிருக்கவில்லை. இதை அவர் தன் பிழைக்குச் சமாதானமாகச் சொல்லவில்லை. ஒரு கருவி எந்த இடத்தில் பழுதானது என்று விளக்குவதுபோலச் சொன்னார்.

பிறகு இரண்டு வழிகளைச் சொன்னார். ஒன்று, என் பெயரை எழுதுவது. என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாது. விசாரிப்பார்கள். விசாரணை என்றால் குடியேற்றக் கோப்பில் ஒரு குறிப்பு ஏறலாம். ஏறினால் எங்கள் கோப்பு எவ்வளவு நாள் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மகளுக்கு எத்தனை மாதம் மீதி என்று அவர் என்னைக் கேட்கவில்லை, அவருக்கே தெரிந்திருந்தது. இன்னொன்று, யாரும் இல்லை, நானே செய்தேன் என்று அவர் கையெழுத்துப் போடுவது. நான் அவர் கைகளைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். அந்தக் கைகள் நானூறு பக்கம் அடித்தன என்று யாரும் நம்ப மாட்டார்கள். பொய் என்று தெரிந்தால் வழக்கு. இந்த அரசாங்கங்கள் பொய் சொல்கின்றன என்று முப்பது ஆண்டுகளாக மேடையில் சொன்ன ஆள் பொய்ப் படிவத்தில் கையெழுத்திட்டார் என்று ஒரு செய்தி. தலைப்பை நானே மனதுக்குள் போட்டுப் பார்த்துவிட்டேன். இரண்டு பத்தியில் முடிந்துவிடும் செய்தி.

"நீங்க எதைச் சொல்றீங்களோ அதுக்குக் கையெழுத்துப் போடறனுங்க" என்றார்.

அன்று மாலை கணவர் இதைக் கேட்டுவிட்டுச் சட்டையைக்கூட மாற்றாமல் சோபாவில் உட்கார்ந்தார். "அது அவரோட ஃபார்ம். உன் ஃபார்ம் இல்ல. உன்ன யாரும் கேக்கல. நீ எதுக்கு அதுக்குள்ள போய் நிக்கிற?" என்றார். மறுநாள் வழக்கறிஞரிடம் பேசினோம். எதிலும் பொய்யாகக் கையெழுத்துப் போடாதீர்கள், கேட்காததை நீங்களாகச் சொல்லவும் வேண்டாம் என்றார் அவர். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொன்னார். மகள் வார இறுதிக்குக் கல்லூரியிலிருந்து வந்திருந்தாள். தமிழில் நாங்கள் பேசியதையெல்லாம் கேட்டுவிட்டு, இது தன்னைப் பற்றியது என்பதால் தன்னிடம் கேட்க வேண்டாம் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, எதையும் எடுக்காமல் மூடிவிட்டுப் போனாள்.

ஏழு நாட்கள் நான் அவர் வீட்டுக்குப் போகவில்லை. எங்கள் பகுதியில் வீட்டை விட்டு இறங்கினால் நடக்க நடைபாதை பாதித் தெருவோடு நின்றுவிடும். அது வரை போய்த் திரும்புவேன். அந்த வழியில் அவர்கள் வீடு இருக்கிறது. கீழ்த்தள ஜன்னலில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும், நான் தெருவின் மறுபக்கம் நடப்பேன்.

எட்டாம் நாள் பதினொரு மணிக்குப் போனேன். யார் பெயரை எழுதுவதானாலும் அவருக்குப் படிவத்தை அடித்துக் கொடுக்க வேறு ஆள் இல்லை. மகளையும் மருமகனையும் இதில் இழுக்கக் கூடாது என்று அவர் அவர்களிடம் சொல்லவேயில்லை.

மனைவி கதவைத் திறந்தார். வழக்கமாக ஏதாவது குத்திப் பேசுவார். அன்று வழிவிட்டு நின்றார். கீழே இறங்கும்போது பின்னாலேயே வந்தார்.

முதல் பக்கம் சுலபம். அவருடைய பெயர், முகவரி, எந்த ஆண்டுகளில் எந்தப் பிரிவு. அவர் சொல்ல நான் அடித்தேன். இரண்டாம் பக்கத்தில் அந்தக் கேள்வி. அவர் சொல்வதற்குக் காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. உலர்த்தும் இயந்திரத்தில் ஏதோ ஒரு பொத்தான் சுற்றிச் சுற்றித் தட்டிக்கொண்டிருந்தது. "யாரும் இல்லை" என்று நானே ஆங்கிலத்தில் அடித்தேன். ஒரே சொல். கருவி என்ற இடத்தில் அவருடைய பழைய கணினி என்று போட்டேன். அது வேலை செய்யாமல் கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

பிறகு வழக்கப்படி வாசித்தேன். அப்படிச் செய்யாமல் இருந்திருக்கலாம். பதினோரு ஆண்டுகள் மெய்ப்பு அறையிலும் ஒன்றரை ஆண்டு அந்தக் கீழ்த்தளத்திலும் பழகிய வாய், பக்கம் முடிந்ததும் தானாகத் திறந்தது. பெயர், முகவரி, பிரிவு. ஒவ்வொன்றுக்கும் அவர் "செரிங்க" என்றார். கைப்பிரதியை அனுமதிக்கு முன் பார்த்தவர்கள், தட்டச்சு செய்தவர்கள், மொழிபெயர்த்தவர்கள்: யாரும் இல்லை.

"செரிங்க" வரவில்லை. கண்ணை மூடியபடி இருந்தார். நான் அடுத்த கேள்விக்குப் போகவில்லை. எங்கள் முறையில் அது இல்லாமல் போக முடியாது.

படிக்கட்டில் உட்கார்ந்திருந்த அவருடைய மனைவிதான் பேசினார். "யாருமில்லீன்னா, ஒன்றரை வருசமா எங்கூட்டுல வந்து காப்பி குடிச்சுட்டுப் போனது யாருங்க?"

அவரே தொடர்ந்தார்.

"அம்பது வருசம் எங்கிட்டச் சொல்லாததை ஒன்றரை வருசத்துல உங்ககிட்டச் சொல்லிப்போட்டாரு. அதையும் இப்ப இல்லைங்கறாரு. எழுதுங்க, எழுதுங்க. என்ற பேரைப் போட்டாலும் எனக்கொண்ணுமில்லீங்க. நான் ஒரு வரி படிக்குலியே."

அவர் கண்ணைத் திறந்தார். மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

நான் அந்தச் சொல்லை அழித்தேன். என் பாஸ்போர்ட்டில் இருக்கும்படி முழுப் பெயரை அடித்தேன். குடியுரிமை: இந்தியா. விசா வகை கேட்கவில்லை, எழுதவில்லை. கருவி: என் மடிக்கணினி. இருக்குமிடம்: என் வீட்டு முகவரி. தைரியத்தில் செய்தேன் என்று சொல்ல முடியாது. உரக்க வாசித்த பிறகு அந்தச் சொல் தாளில் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

"மகளை நெனச்சுத்தான் போடறீங்களா அம்மிணி?" என்று கேட்டார்.

"அவளத் தவிர வேற எத சார் நெனைக்கிறேன்" என்றேன். பிறகு மறுபடி வாசித்தேன். இந்த முறை "செரிங்க" என்றார், மிகவும் மெதுவாக. கையெழுத்துப் போட அவர் மணிக்கட்டை நான் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இரண்டு வாரத்தில் அரசாங்கத்திலிருந்து ஓர் ஆணும் ஒரு பெண்ணும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். காலை பத்து மணி. வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்துவிட்டு, நான் சொல்லாமலே காலணிகளைக் கழற்றினார்கள். ஆணின் வலது காலுறையில் பெருவிரல் வெளியே தெரிந்தது. மரியாதையாகப் பேசினார்கள். மடிக்கணினியை உறையில் போட்டு முத்திரை வைத்து ரசீது கொடுத்தார்கள். அதில் மகளின் கல்லூரி விண்ணப்பக் கட்டுரைகளும் எங்கள் புகைப்படங்களும் இருந்தன. நகல் எடுத்துக்கொள்ள முடியாது என்றார்கள்.

அந்த மூன்று பத்திகள் புரிந்தனவா என்று பெண் கேட்டார். இல்லை என்றேன். அது உண்மை. நினைவிலிருந்து சொல்ல முடியுமா என்று கேட்டார். நான்கு முறை உரக்க வாசித்ததைச் சொன்னேன். அவர் ஒரு நிமிடம் தாளில் எதையோ எழுதினார். பிறகு என்னிடம் ஒரு பத்திரத்தைக் கொடுத்தார். அந்தப் பத்திகளில் இருப்பதை நான் யாரிடமும், எந்த மொழியிலும், வாழ்நாள் முழுவதும் சொல்லவோ எழுதவோ கூடாது. 'எந்த மொழியிலும்' என்பது பேனாவால் எழுதிச் சேர்க்கப்பட்டிருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

அன்று மாலை கணவர், "அப்படி என்னதான் இருந்துச்சு அதுல?" என்று கேட்டார். சொல்லக் கூடாது என்றேன். முதலில் சிரித்தார். நான் சொல்லப்போவதில்லை என்று தெரிந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். பிறகும் சில முறை கேட்டார், ஒவ்வொரு முறையும் வேறு எதையோ கேட்பதுபோலத் தொடங்கி. இப்போது கேட்பதில்லை. இதைச் சொன்னபோது பெரியவரின் மனைவி, "வாங்க வாங்க, நம்ம கூட்டத்துல சேந்துட்டீங்க. உங்கூட்டுக்காரரைப் பாயசம் வெக்கச் சொல்லுங்க" என்றார். அவர் சிரிக்கவில்லை, நான்தான் சிரித்தேன்.

பெரியவருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. தமிழ்க் கைப்பிரதி மடிக்கணினியோடு போய்விட்டது. அச்செடுத்த தாள்களையும் வாங்கிக்கொண்டார்கள். கறுப்படித்த ஆங்கிலப் பிரதி மட்டும் அவரிடம் இருக்கிறது. அதிலிருந்து மறுபடி தமிழில் சொல்லத் தொடங்கலாமா என்று ஒரு முறை கேட்டேன். அனுமதி பெற்ற பகுதியைத்தான் சொல்லப்போகிறார், தடையில்லை. தலையாட்டினார். இரண்டு பக்கம் சொன்னார். மூன்றாம் பக்கத்தில், தமிழில் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, நிறுத்தி, ஆங்கிலத் தாளைப் பார்த்தார். தாளில் இருந்ததை அப்படியே மொழிபெயர்த்தார். வீட்டில் உப்பைக் கேட்பதற்கு முன்னும் இப்போது ஒரு கணம் நிற்கிறார் என்று அவருடைய மனைவி சொன்னார். அந்த வேலை அதற்கு மேல் நகரவில்லை. நான் வாரத்தில் ஒரு நாள் போகிறேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பார், மேலே நடப்பது யார் என்று சொல்வார்.

எங்கள் க்ரீன் கார்டுக் கோப்பு அதற்குப் பிறகு நின்றுவிட்டதா, அதற்கு முன்பே நின்றுதான் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. வழக்கறிஞர் இரண்டு முறை எழுதிக் கேட்டார். பரிசீலனையில் இருக்கிறது என்று இரண்டு முறையும் ஒரே பதில் வந்தது. எங்களோடு வரிசையில் நின்ற, யாருக்கும் எதையும் தட்டச்சு செய்து கொடுக்காத குடும்பங்களுக்கும் அதே பதில்தான் வந்திருக்கிறது. இதனால் அது என்று எழுத என்னிடம் ஆதாரம் இல்லை. கணவர் தன்னிடம் இருப்பதாக நினைக்கிறார்; சொல்வதில்லை.

கார்டு வராமலே மகளுக்கு இருபத்தோரு வயது ஒரு செவ்வாய்க்கிழமை முடிந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே அவள் மாணவர் விசாவுக்கு விண்ணப்பித்திருந்தாள்.